ஒரே ஒரு இரவு காட்டில தங்க எவ்வளவு சாமான் வேணும்?

போன மாசம் பெரியம்மாட மகன் வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டுக்கு ஒரு பெரிய பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவன். நண்பர்களோட நக்கிள்ஸ் மலைப் பக்கம் போய் ஒரு இரவு டென்ட் அடிச்சுத் தங்கப் போறாங்களாம், முதல் தடவை. "அண்ணா, எல்லாம் சரியா எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" எண்டவன். நாலு மாடி படி ஏறி வந்ததிலயே மூச்சு வாங்குது. லிஃப்ட் அண்டைக்கு வேலை செய்யேல்ல, அது ஒரு வகையில நல்லதாப் போச்சு, ஏன் எண்டா நாலு மாடிக்கே இப்பிடி எண்டா மலையில மூண்டு நாலு மணித்தியாலம் ஏறேக்க என்ன நடக்கும் எண்டு அவனுக்கே விளங்கிட்டுது.

பாத்ரூம் தராசில அவனை பேக்கோட ஒருக்கா, பேக் இல்லாம ஒருக்கா நிக்க வைச்சுப் பாத்தம். வித்தியாசம் 14 கிலோ. ஆள் 58 கிலோ. பொதுவா சொல்லுற கணக்கு என்னண்டா முதுகில ஏத்துற பாரம் உங்கட உடம்பு எடையில அஞ்சில ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அப்பிடிப் பாத்தா அவனுக்கு 11 கிலோ சொச்சம்தான் உச்சம். அதுவும் ஒரு கிழமை நடக்கிற ஆக்களுக்கே அந்த உச்சம் போதும், ஒரு இரவுக்கு அதில முக்கால்வாசி கூட வரத் தேவையில்லை. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வாறது அவ்வளவுதான்: ஒரு இரவுக்கான பாரத்தை எப்பிடிக் குறைக்கிறது, அதுவும் புதுசா விலை கூடின சாமான் ஒண்டும் வாங்காம.

முதல் ஒரு சொல்லைத் தெரிஞ்சுகொள்ளுங்கோ. மலை நடை போறவங்க 'பேஸ் வெயிட்' எண்டு ஒண்டு சொல்லுவாங்க. சாப்பாடு, தண்ணி, அடுப்புக்கான காஸ், இந்த மூண்டும் போகப்போகக் குறைஞ்சுகொண்டு போற சாமான். அதுகளை விட்டுட்டு மிச்சமா பேக்குக்குள்ள இருக்கிற எல்லாத்தின்ட எடையும்தான் பேஸ் வெயிட், போட்டிருக்கிற உடுப்பு கணக்கில இல்லை. இது 9 கிலோவுக்குக் கீழ இருந்தா லைட்வெயிட் எண்டும், 4.5 கிலோவுக்குக் கீழ வந்தா அல்ட்ராலைட் எண்டும் சொல்லுவாங்க, 20 இறாத்தல், 10 இறாத்தல் எண்ட கணக்கைக் கிலோவாக்கினது அது. அல்ட்ராலைட் ஆகவேணும் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா எதை அளக்கிறம் எண்டு தெரியாம எதையும் குறைக்க ஏலாது, அதுக்குத்தான் இந்தக் கணக்கு.

அதால நாங்க குசினித் தராசை எடுத்து ஹோலுக்குள்ள நிலத்தில வைச்சம், கேக் செய்யேக்க மா நிறுக்கிற அந்தச் சின்னத் தராசுதான். பேக்கைக் கவிட்டுக் கொட்டி ஒவ்வொண்டா நிறுத்தம். இதை நீங்க கட்டாயம் செய்யவேணும், மனசால கணக்குப் போட்டா சரிவராது, கையில தூக்கிப் பாக்கேக்க ஒரு சாமானும் பாரமாத் தெரியாது. ஜீன்ஸ் ஒண்டு 700 கிராம், அவன் ரெண்டு கொண்டு வந்திருந்தான். குளிக்கிற பெரிய துவாய் 520. ஸ்டீல் தண்ணிப் போத்தல் வெறும் போத்தலே 380. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 420. தலகாணி, அது கூட இருந்தது. ரின் மீன் நாலு. பெரியம்மா குடுத்துவிட்ட மாசிச் சம்பல் கண்ணாடிப் போத்தலோட 610 கிராம், சம்பலை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாத்திப் போட்டு திரும்ப நிறுத்தா 190. அந்த ஒரு வேலையிலேயே 420 கிராம் போச்சு, சம்பலில ஒரு கரண்டி கூடக் குறையேல்ல. கண்ணாடியைத்தான் மலைக்குத் தூக்கிக்கொண்டு போக இருந்தவன்.

ஒவ்வொரு சாமானையும் கையில எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டனான்: நாளைக்கு இரவு இது இல்லாட்டி என்ன நடக்கும்? நனைஞ்சு போவன், குளிரில நடுங்குவன், தண்ணி இல்லாமப் போகும், இருட்டில விழுவன், காயத்துக்குக் கட்ட ஒண்டும் இல்லாமப் போகும் எண்டு மறுமொழி வந்தா அது பேக்குக்குள்ள போகும். "கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" எண்டு வந்தா வெளியில. "ஒருவேளை தேவைப்பட்டாலும்" எண்டு தொடங்கினா அதுவும் வெளியில. ஒரு இரவு எண்டா வீட்டை விட்டு வெளிக்கிட்டு அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வாறது, இடையில ஒருக்காத்தான் படுக்கிறது. ரெண்டாவது ஜீன்ஸ் போட நேரமே இல்லை.

ஜீன்ஸைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும், ஏன் எண்டா எங்கட ஆக்கள் கூடுதலாப் பிழை விடுறது இதிலதான். பருத்தித் துணி கொழும்பு வெயிலுக்கு நல்லது, மலையில ஆபத்து. தண்ணியை உறிஞ்சி வைச்சுக்கொள்ளும், காயாது, ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நான் முதல் தடவை மீமுரே எண்ட மலைக் கிராமத்துப் பக்கம் போகேக்க ஜீன்ஸோடதான் போனனான், பின்னேரம் மழை பிடிச்சிட்டுது, முழங்கால் வரைக்கும் நனைஞ்ச துணி காலோட ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு எட்டுக்கும் இழுக்கும், இரவு முழுக்கக் காயேல்ல, மாத்த வைச்சிருந்த உடுப்பும் பேக்குக்குள்ள நனைஞ்சிருந்தது, விடியும் வரைக்கும் குந்திக்கொண்டு இருந்தனான். அண்டையில இருந்து ஃபுட்போல் விளையாடுற பொலியெஸ்டர் ஜேர்சியும் ட்ராக் பொட்டமும்தான். எடை குறைவு, பிழிஞ்சு உதறினா அரை மணித்தியாலத்தில பாதி காஞ்சிடும், எல்லார் வீட்டிலயும் அலுமாரிக்குள்ள கிடக்கிற சாமான். நடக்கிறதுக்கு ஒரு செட், அது உடம்பில இருக்கு. படுக்கிறதுக்கு ஒரு செட், அது ரெண்டு பொலித்தீன் பைக்குள்ள கட்டி அடியில இருக்கு, என்ன மழை பெஞ்சாலும் டென்ட்டுக்குள்ள போற வரைக்கும் அதைத் திறக்கக்கூடாது. அடுத்த நாள் காலமை ஈர உடுப்பைத் திரும்பப் போடுறது ஒரு மாதிரித்தான் இருக்கும், பத்து நிமிஷம் நடந்தா சூடாகிடும்.

குளிர் எவ்வளவு எண்டும் கணக்குப் பாக்கலாம். 1,000 மீற்றர் உயரப் போனா ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். கொழும்பில இரவு 25 எண்டு வைச்சா 1,200 மீற்றரில 17 வரும். அதுக்கு மேல காத்தும் ஈரமும் சேந்தா உடம்புக்கு இன்னும் குறைவாத்தான் தெரியும். 17 எண்டது ஏசி ரூம் குளிர் மாதிரித்தான், அதுக்கு பனிமலைக்குப் போற மொத்த ஸ்லீப்பிங் பேக் வேணாம், ஒரு மெல்லிசு ஃபிளீஸ் போர்வையும் நீட்டுக் கை மேல்சட்டையும் சொக்ஸும் போதும். ஆனா ஹோட்டன் சமவெளி கதை வேற, அது 2,000 மீற்றருக்கு மேல, தை மாசி விடியப்புறம் புல்லில உறைபனி விழுற இடம், அங்க மெல்லிசுப் போர்வையோட போகக்கூடாது. எங்க போறீங்களோ அந்த உயரத்தைப் பாத்துத்தான் படுக்கையைத் தீர்மானிக்கவேணும்.

படுக்கையில கனபேர் விடுற விஷயம் கீழ விரிக்கிறது. மேல என்ன போத்தாலும் நிலம் அடியால சூட்டை இழுக்கும், போர்வையின்ட கீழ்ப்பக்கம் உடம்பு பாரத்தில நசிஞ்சு போறதால அது அந்தப் பக்கம் வேலை செய்யாது. அதனால ஒரு ஃபோம் மெட் கட்டாயம். யோகா மெட் ஒரு கிலோ வரைக்கும் வரும், அது வேணாம், தண்ணி உறிஞ்சாத மூடின குமிழ் (closed-cell) ஃபோம் மெட் 300 கிராமுக்குள்ள கிடைக்கும். அதுவும் இல்லாட்டி கார் முன்கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கிற அந்த வெள்ளி நிற ஷேட் இருக்குத்தானே, அதில ரெண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு விரிச்சுப் படுத்துப் பாருங்கோ, மெத்தென்டு இருக்காது, ஆனா குளிர் ஏறாது.

துவாயை வெளியில எடுத்து அதுக்குப் பதிலா என்ட பழைய சாரம் ஒண்டைக் குடுத்தனான், 250 கிராம். சாரத்தைப் போல மலைக்கு ஏத்த சாமான் வேற இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். ஆத்தில இறங்கிக் குளிக்க அதுதான், உடம்பு துடைக்க அதுதான், உடுப்பு மாத்த மறைப்பு அதுதான், இரவில சுருட்டினா தலகாணி, குளிர் கூடினா ரெண்டாவது போர்வை, காலில சுளுக்கு வந்தா கிழிச்சுக் கட்டலாம். பாரம் குறைக்கிற கலையே இதுதான், ஒரு சாமான் மூண்டு நாலு வேலை செய்யவேணும். எங்கட தாத்தாமார் ஒரு சாரத்தோட கதிர்காமப் பாதயாத்திரை போய் வந்தவை, காட்டுக்குள்ளால, நாள்கணக்கா நடந்து. இந்த அறிவு எங்களுக்கு வெளியில இருந்து வரவேண்டியதில்லை.

அமெரிக்காவில எம்மா கேட்வுட் எண்டு ஒரு அம்மா, பதினொரு பிள்ளை பெத்தவ, 1955 ஆம் ஆண்டு 67 வயசில அப்பலாச்சியன் ட்ரெயில் எண்ட 3,000 கிலோமீற்றருக்கு மேல நீளமான மலைப்பாதையைத் தனிய நடந்து முடிச்சவ. தானே தைச்ச ஒரு துணிப்பை தோளில, காலில சாதாரண கென்வஸ் சப்பாத்து, மழைக்கு பாத்ரூமில தொங்கவிடுற பிளாஸ்ரிக் திரை. டென்ட் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. அவ செய்த மாதிரி டென்ட் இல்லாமப் போங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், எங்கட காட்டில பெய்யிற மழைக்கும் ஊருற பூச்சிக்கும் அது சரிவராது. ஆனா கடையில பத்தாயிரக்கணக்கில காசு குடுத்தாத்தான் இதுக்குள்ள வரலாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இந்த அம்மாட கதையை நான் எப்பவும் சொல்லுறனான்.

சப்பாத்து எண்டதும் ஒண்டு. காலில ஏத்துற எடை முதுகில ஏத்துற அதே எடையை விடப் பல மடங்கு களைப்பைத் தரும், ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்க. மொத்தத் தோல் பூட்ஸ் ஒரு இரவு நடைக்குத் தேவையில்லை, அடி நல்லாப் பிடிக்கிற, தண்ணி வடிஞ்சு காயிற ரனிங் ஷூ போதும், அடி தேஞ்சது மட்டும் வேணாம், ஈரக் கல்லில சறுக்கும்.

இனி தண்ணி. ஒரு லீற்றர் ஒரு கிலோ, இதில குறைக்க வழியே இல்லை, ஆனா எத்தினை லீற்றரைத் தூக்குறது எண்டதில வழி இருக்கு. அவன் அஞ்சு லீற்றர் கேன் ஒண்டு வாங்கி வைச்சிருந்தான், காட்டில தண்ணி கிடைக்குமோ தெரியாது எண்டு. போற பாதையில எங்க ஆறு, எங்க ஓடை எண்டு முதலே கேட்டு வையுங்கோ, வழிகாட்டியா வாற ஊர் ஆளுக்கு அது நல்லாத் தெரியும். அடுத்த தண்ணி வரைக்கும் காணுற அளவுதான் தூக்கவேணும், கூடினா ரெண்டு லீற்றர். ஸ்டீல் போத்தலை வீட்டை விட்டுட்டு கடையில தண்ணி வாங்கிக் குடிச்ச ஒண்டரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் ரெண்டை எடுங்கோ, ஒண்டு 35 கிராம்தான், நசிஞ்சாலும் பரவாயில்லை. ஆத்துத் தண்ணி எவ்வளவு கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்பிடியே குடிக்காதேங்கோ, எலிக்காய்ச்சல் இருக்கிற நாடு இது. நல்லாக் கொதிச்சுக் குமிழ் வந்தாப்பிறகு ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டாப் போதும், இல்லாட்டி ஃபார்மசியில விக்கிற குளோரின் குளிசை போட்டு அரை மணித்தியாலம் வைக்கவேணும். அந்தக் குளிசை ஒரு அட்டை ரெண்டு மூண்டு கிராம் வரும், அது மூண்டு லீற்றர் தண்ணியை நீங்க தூக்காம இருக்க வழி செய்யுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சாப்பாட்டிலயும் நாங்க தூக்குறது கூடுதலாத் தண்ணிதான். அவிச்ச சோத்தில மூண்டில ரெண்டு பங்கு தண்ணி, ரின் மீனில தகரமும் குழம்பும். காஞ்ச சாப்பாடா, கொழுப்புக் கூடினதா எடுங்கோ. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்து 4 தான். வறுத்த கச்சான் 100 கிராமில 570 கலோரி அளவில இருக்கு, எள்ளுருண்டையும் கொழுப்புக் கூடினதுதான். சமபோஷ எண்ட சத்துமா ஒரு பக்கெற், அதைக் கொஞ்சம் தண்ணியும் சீனியும் போட்டுப் பிசைஞ்சா காலமைச் சாப்பாடு, அடுப்பே தேவையில்லை. முதல் நாள் மத்தியானத்துக்கு வழியில கடைச் சோத்துப் பார்சல் ஒண்டு சாப்பிட்டுட்டு ஏறுங்கோ, அது வயித்துக்குள்ள போறதால பேக்கில பாரமில்லை. இரவுக்குத் தேங்காய்ப்பூ ரொட்டியும் அந்த மாசிச் சம்பலும், அது காணும், மலையில பசியோட சாப்பிடேக்க அந்தச் சம்பலின்ட ருசி கொழும்பில வராது. ஒரு ஆளுக்கு எல்லாம் சேத்து 800 கிராம் போதும்.

தேத்தண்ணி இல்லாம ஏலாது எண்டா (எனக்கும் ஏலாதுதான்) நாலு பேருக்கு ஒரு சின்ன காஸ் பேர்னரும் ஒரு அலுமினியப் பானையும், அவ்வளவுதான். இதைத்தான் புதுசாப் போற ஆக்கள் மறக்கிறவை: கூட்டமாப் போகேக்க நாலு பேரும் நாலு அடுப்பு, நாலு மருந்துப் பெட்டி, நாலு கத்தி தூக்கத் தேவையில்லை. முதல் நாள் வாட்ஸ்அப்பில கதைச்சு யார் எதைக் கொண்டு வாறது எண்டு பிரிச்சிடுங்கோ. டென்ட்டையும் அப்பிடித்தான், ரெண்டு பேர் டென்ட்டில துணியை ஒராளும் கம்பியையும் ஆணியையும் மற்றாளும். விறகு போட்டுச் சமைக்கலாம் எண்டு நம்பிப் போகாதேங்கோ, பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ள நெருப்பு மூட்டக்கூடாது, அதோட மழை பெஞ்ச காட்டில விறகு எரியாது. நக்கிள்ஸ் 2010 இல இருந்து உலக மரபுரிமை இடம், வனப் பாதுகாப்புத் திணைக்களத்திட்ட அனுமதி எடுத்து, அவை காட்டுற இடத்திலதான் டென்ட் அடிக்கவேணும்.

குறைக்கவே கூடாத சாமானும் இருக்கு, இதில நான் விட்டுக்குடுக்கமாட்டன். தலையில கட்டுற டோர்ச், ஃபோன் லைட்டை நம்பக்கூடாது, அது ஒரு கையைப் பிடிச்சு வைச்சிடும், பட்டரியையும் குடிச்சிடும். ரெயின் கோட். வழமையாக் குடிக்கிற மருந்து. பண்டேஜ், டெட்டோல், தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஓஆர்எஸ் உப்புப் பக்கெற் ரெண்டு. ஒரு விசில், வழி தவறினா மூண்டு தரம் ஊதுறதுதான் உதவி கேக்கிற சைகை, கத்துறதை விடத் தூரம் கேக்கும். ரத்தம் குடிக்கிற அட்டைக்கு நீட்டு அட்டைச் சொக்ஸும் ஒரு சின்னச் சுருளில உப்பும், கடிச்சா இழுத்துப் பிடுங்காம நகத்தால வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்திட்டுக் காயத்தைக் கழுவுங்கோ, ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. இந்த முழுப் பந்தியும் அரைக் கிலோ சொச்சம்தான் வரும், இதை விட்டுட்டுப் போய் எடை குறைச்சிட்டன் எண்டு சொல்லுறது லைட்டாப் போறது இல்லை.

கடைசியா அவன்ட பேக் எப்பிடி வந்தது எண்டா, 35 லீற்றர் பேக் 900 கிராம் (60 லீற்றர் பேக்கைத் திருப்பி அனுப்பினம், இடம் இருந்தா மனம் அதை நிரப்பச் சொல்லும்), டென்ட்டில அவன்ட பங்கு 1,200, மெட் 300, ஃபிளீஸ் 500, இரவு உடுப்பு 350, ரெயின் கோட் 300, டோர்ச் 90, மருந்து 150, சின்னப் பவர் பேங்க் வயரோட 230, வெறும் போத்தல் ரெண்டும் 70, சாரம் 250, பிரஷ் சோப்பு 100, அடுப்பில பங்கு 250, கத்தி கயிறு விசில் லைட்டர் 100. எல்லாம் கூட்டினா 4.8 கிலோவுக்குக் கிட்ட. சாப்பாடும் ரெண்டு லீற்றர் தண்ணியும் சேத்து 7.6. வந்த எடையில பாதிக்குக் கொஞ்சம் மேல.

அடுக்கிற முறை சுருக்கமாச் சொல்லுறன். பேக்குக்குள்ள முதல் ஒரு பெரிய குப்பைப் பையை விரிங்கோ, புறக்கோட்டையில கட்டாக விக்கிற கறுப்புப் பொலித்தீன்தான், வெளியில போடுற மழைக்கவரை விட அதுதான் நம்பிக்கை, கவர் முதுகுப் பக்கத்தால தண்ணியை உள்ள விடும். அடியில படுக்கைச் சாமான், நடுவில முதுகோட ஒட்டி பாரமானதுகள், மேல ரெயின் கோட்டும் கொறிக்கிறதும். பாரம் முதுகை விட்டுத் தள்ளி இருந்தா அது உங்களைப் பின்னால இழுக்கும், நீங்க முன்னால குனிஞ்சு நடப்பீங்க, நாரி போயிடும். இடுப்புப் பட்டி இருந்தா முதல் அதை இறுக்கிப்போட்டு பிறகு தோள் பட்டியைச் சரிசெய்யுங்கோ, எடை இடுப்பு எலும்பில இறங்கவேணும்.

அவன் ஞாயிறு இரவு கோல் எடுத்தவன். பஸ்ஸில பேக்கை மடியில வைச்சுக்கொண்டே போனவனாம், நண்பன் ஒருத்தன் 15 கிலோவோட வந்து பாதி வழியில நிண்டிட்டதால அவன்ட சாமானில கொஞ்சத்தையும் இவன்தான் ஏத்திக்கொண்டு போனவன். சாரத்தைத்தான் எல்லாரும் மாறி மாறிக் கேட்டவங்களாம். நான் ரெண்டு விஷயம் சொன்னனான். ஒண்டு, பேக்கை உடனே கழுவப் போடாம நிலத்தில கொட்டி, பாவிச்சது ஒரு பக்கம் பாவிக்காதது ஒரு பக்கம் எண்டு பிரி, மருந்தையும் ரெயின் கோட்டையும் விட்டுட்டு மற்றப் பக்கத்தில இருக்கிறதை ஒரு பேப்பரில எழுதி பேக்குக்குள்ளயே போட்டு வை, அடுத்த தடவை அதுகள் போகாது. ரெண்டாவது, இண்டைக்கு இரவே டென்ட்டை பல்கனியில விரிச்சுக் காயப்போடு, ஈரத்தோட சுருட்டி வைச்சா கொழும்புக் காத்துக்கு ரெண்டு நாளில பூஞ்சணம் பிடிச்சிடும்.